மணிக்கட்டில் ஒரு பவுண்ட்

எங்கள் பேஸ்மென்ட்டில் இருந்த ஸ்கீ மெஷினுக்கு மின்சாரம் தேவையில்லை. நீளமான இரண்டு மரப் பலகைகள், அவற்றைத் தாங்கும் ரோலர்கள், முன்னால் ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் கயிறு சுற்றிய சிறு உருளை, இடுப்பைச் சாய்த்துக்கொள்ள ஒரு திண்டு. பலகைகளில் ஏறி நின்று ஒரு காலைப் பின்னால் தள்ளினால் அந்தப் பலகை ரோலரைப் பிடித்து ஃப்ளைவீலைச் சுழற்றும். அதே காலை முன்னால் கொண்டுவரும்போது ரோலருக்குள் இருக்கும் ஒருவழிக் கிளட்ச் விட்டுக்கொடுத்துவிடும். பலகை தடையில்லாமல் வழுக்கி வரும். ஃப்ளைவீலைச் சுற்றி ஒரு பட்டை உண்டு. அதை இறுக்கினால் காலுக்கு வேலை கூடும்.

மினசோட்டாவில், மினியாபொலிஸ் நகருக்குத் தென்மேற்கே நாங்கள் குடியிருந்தோம். அங்கிருந்து சாஸ்கா பக்கம். இந்த மெஷினைச் செய்து விற்ற ஊர் அதுதான். எட்வர்ட் பால்ஸ் என்ற இயந்திரப் பொறியாளர், குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே பனிச்சறுக்குப் பயிற்சி செய்ய 1975இல் இதை உருவாக்கினார். ‘நார்டிக் ஜாக்’ என்று முதலில் பெயர் வைத்து, பிறகு ‘நார்டிக்ட்ராக்’ என்று மாற்றினார். 1986இல் நிறுவனத்தை விற்றுவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்த 1990களின் தொடக்கத்தில் டிவியைப் போட்டால் யாராவது ஒருவர் அதன்மேல் புன்னகையோடு சறுக்கிக்கொண்டிருப்பார். எங்களுடையது தெருக்கோடி வீட்டு கராஜ் சேலில் என் கணவர் பேரம் பேசி வாங்கியது.

வாங்கியது மகளுக்காக. அவள் பள்ளியில் நார்டிக் ஸ்கீ அணியில் சேர்ந்திருந்தாள். மலைச் சரிவில் பாய்ந்து இறங்கும் சறுக்கல் இல்லை இது. காட்டுப் பாதையில், ஏற்றத்திலும் சமதளத்திலும் சொந்தக் கால்களாலும் கைகளாலும் உந்தி உந்திப் போகவேண்டிய நெடுந்தூரச் சறுக்கல். நார்வேயிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நிறைந்த மாநிலம் மினசோட்டா. அங்கே பள்ளிக்கூடங்களுக்கு இதற்கென்று அணிகள் உண்டு. பயிற்சி நவம்பரில் தொடங்கிவிடும். பனி எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. விழுந்த பிறகோ, வெளியே போக முடியாத அளவுக்குக் குளிர் வந்துவிடும். 1996 பிப்ரவரி 2ஆம் தேதி மாநிலத்தின் வடக்கே டவர் என்ற ஊரில் வெப்பநிலை மைனஸ் 60 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 51 செல்சியஸ் வரை இறங்கியது. மாநிலத்தின் குளிர்ச் சாதனை இன்றும் அதுதான். அன்று மாநிலப் பள்ளிகள் எல்லாவற்றையும் மூடச் சொல்லி ஆளுநர் ஆணையிட்டார். சர்வதேசப் போட்டிகளிலேயே மைனஸ் 20 செல்சியஸுக்குக் கீழே போனால் ஓட்டத்தைத் தள்ளிவைப்பார்கள். அப்படிப்பட்ட நாட்களில் மகளுக்கு பேஸ்மென்ட்டும் மெஷினும்தான்.

அவள் பள்ளிக்குப் போன நேரத்தில் மெஷின் எனக்கு.

நான் திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். நாற்பதைத் தாண்டிய வயதில், ஆண்டில் ஐந்து மாதம் வெள்ளையாகக் கிடக்கும் ஊரில் வந்து இறங்கியவள். அங்கே நடை என்றால் காரிலிருந்து கடைக்கு. உடம்பு என்னவோ தன் போக்கில் சுருங்கிக்கொண்டே போவது தெரிந்தது. மெஷினில் ஏறிப் பழகச் சில வாரங்கள் ஆயின. கால்கள் இரண்டும் தனித்தனியாக வழுக்கும். கைகள் எதிர்ப்பக்கமாக மாறி மாறி வரவேண்டும். வலது கால் முன்னால் வரும்போது இடது கை முன்னால். நாம் நடக்கும்போது தானாக நடப்பதை மெஷினில் நினைத்து நினைத்துச் செய்ய வேண்டியிருக்கும். “யோசிக்காதேம்மா, நட” என்பாள் மகள். அவள் சொன்னது சரி. ஒருநாள் சமையலைப் பற்றி எதையோ யோசித்துக்கொண்டிருந்தபோது தாளம் தானாக வந்து சேர்ந்துகொண்டது. அதன்பிறகு விட்டுப்போகவில்லை.

நான் சொல்ல வந்தது கைகளைப் பற்றி.

இந்த மெஷினில் கைகளுக்கான ஏற்பாடு மிக எளிமையானது. ஒரே கயிறு, இரு முனைகளிலும் கைப்பிடி, நடுவில் அது உருளையைச் சுற்றி வரும். உருளையின் உராய்வைத் திருகி இறுக்கலாம், தளர்த்தலாம். வலது கையால் இழுத்தால் கயிறு இடது கையை முன்னுக்குக் கொண்டுபோகும். இடது கையால் இழுத்தால் வலது கை முன்னால் போகும். ஆகவே எந்த நேரத்திலும் ஒரு கை உழைக்கும், மற்றொரு கை சும்மா போகும். இழுக்கும்போது முதுகின் பக்கவாட்டுத் தசைகளும் மேல்கையின் பின்புறத் தசையும் பாடுபடுகின்றன. முன்னுக்குப் போகும் கைக்குத் தன் எடையைத் தூக்குவதைத் தவிர வேறு வேலை இல்லை. உருளையை எவ்வளவு இறுக்கினாலும் இந்த முன்பயணம் இலேசாகத்தான் இருக்கும். ஏனென்றால் அந்தக் கையைக் கூட்டிக்கொண்டு போவது மற்றொரு கை.

மகள்தான் இதை முதலில் குறையாகச் சொன்னாள். “இழுக்கிறப்ப மட்டும்தாம்மா கை வேலை செய்யுது. முன்னால கொண்டுவர்றதுக்கு ஒண்ணுமே இல்ல.” எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். ஓய்வுபெற்றவர், நார்வே வம்சம், பல ஆண்டுகள் விஸ்கான்சின் மாநிலத்தில் நடக்கும் அமெரிக்கன் பிர்க்கெபெய்னர் ஓட்டத்தில் கலந்துகொண்டவர். 1973இலிருந்து பிப்ரவரி இறுதியில் கேபிளுக்கும் ஹேவார்டுக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடும் அந்தப் போட்டியை அந்தப் பக்கத்தில் செல்லமாக ‘பிர்க்கி’ என்பார்கள். மகள் தன் குறையை அவரிடம் சொல்லியிருக்கிறாள். மறுநாள் அவர் ஒரு காகிதப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே இரண்டு மணிக்கட்டு எடைகள். தடித்த துணிப் பட்டை, உள்ளே இரும்புத் துகள், மேலே வெல்க்ரோ. ஒவ்வொன்றும் ஒரு பவுண்ட். கூடவே ஒரு பழைய புத்தகம்.

அந்தப் புத்தகம் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த மனநல மருத்துவர் லெனார்ட் ஷ்வார்ட்ஸ் 1982இல் வெளியிட்ட ‘ஹெவிஹேண்ட்ஸ்’. அமெரிக்கா முழுவதும் ஓட்டம் ஓட்டம் என்று ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அவர் ஒரு கேள்வி கேட்டார்: இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை கொடுக்கிறோம் என்றால் ஏன் கால்களை மட்டும் நம்பவேண்டும்? கைகளிலும் தசை இருக்கிறதே, அவற்றுக்கும் இரத்தம் போகவேண்டுமே? கையில் சிறு எடைகளைப் பிடித்துக்கொண்டு வீசி நடக்கச் சொன்னார். எடை எவ்வளவு என்பதோடு அதை எவ்வளவு உயரம் தூக்குகிறோம், எவ்வளவு வேகமாகத் தூக்குகிறோம் என்பதையும் கணக்கில் வைக்கச் சொன்னார். அவருடைய வாதத்துக்குப் பெரிய சாட்சிகள் நெடுந்தூரப் பனிச்சறுக்கு வீரர்களே. ஸ்டாக்ஹோமில் பெங்ட் சால்டினும் பெர்-ஓலோஃப் ஓஸ்ட்ராண்டும் பலவகை விளையாட்டு வீரர்களின் ஆக்சிஜன் உட்கொள்ளும் திறனை அளந்து 1967இல் வெளியிட்டார்கள். அதில் முன்னால் நின்றவர்கள் பனிச்சறுக்கு வீரர்கள். நான்கு உறுப்புகளாலும் உழைப்பவர்களுக்கு அந்த இடம் கிடைத்ததில் வியப்பில்லை.

ஷ்வார்ட்ஸ் விரும்பியது கையில் பிடிக்கும் எடை. எங்களுக்கு அது முடியாது. கைகளில் கயிற்றின் பிடி இருக்கிறது. அதனால் மணிக்கட்டு. இதில் இன்னொரு நன்மையும் இருந்தது. எடையை விடாமல் இறுகப் பிடித்துக்கொண்டே இருந்தால் முன்கைத் தசைகள் ஓயாமல் இறுகியிருக்கும். இரத்த அழுத்தம் ஏறும். பட்டையாகக் கட்டிக்கொண்டால் விரல்களுக்கு அந்தப் பாரம் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். அவர் பட்டைக்கு மாறியதும் டாக்டர் சொல்லித்தான்.

மகளிடம் கொடுப்பதற்கு முன் நான் கட்டிப் பார்த்தேன். பிள்ளையின் உடம்பில் ஏறப்போவதைத் தாய் முதலில் தன் உடம்பில் ஏற்றிப் பார்ப்பது எனக்கு இயல்பாகத் தோன்றியது. ஒரு பவுண்ட் என்றால் 454 கிராம். அரைக்கிலோகூட இல்லை. கையில் வைத்துப் பார்த்தால் ஒரு பொருட்டே இல்லை. மெஷினில் ஏறி வழக்கமான தாளத்தில் வீசினேன். முதல் சில நிமிடம் நன்றாகவே இருந்தது. கை ஊசல் ஆடுவதில் ஒரு கனம் வந்து, அதுவே அழகாக இருந்தது. பிறகு தோளின் முன்பக்கம், சட்டைத் தையல் வரும் இடத்துக்குக் கீழே, ஒரு சூடு பரவ ஆரம்பித்தது. பத்து நிமிடத்தில் கைகள் தாமாகவே தாழ்ந்துவிட்டன. நெஞ்சு உயரம் வரை வந்துகொண்டிருந்த கை இடுப்பு உயரத்தோடு நின்றுவிட்டது.

அரைக்கிலோவுக்கும் குறைந்த ஒன்று இப்படிச் செய்வது எப்படி? அன்று மாலை சமையலறை மேசையில் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வகுப்பை விட்டுவந்த பிறகு அப்படி உட்கார்ந்து கணக்குப் போட்டதில்லை.

மனிதக் கை ஒன்றின் எடை உடல் எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. அப்போது நான் 56 கிலோ. ஆக என் கை 2.8 கிலோ. அதோடு 454 கிராம் சேர்த்தால் கூடுவது ஆறில் ஒரு பங்கு. இதுவரை பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கையின் எடை முழுவதும் மணிக்கட்டில் இல்லையே. மேல்கை பருத்தது, முன்கை மெலிந்தது. ஆகவே கையின் எடைமையம் முழங்கைக்குக் கொஞ்சம் பக்கத்தில், தோளிலிருந்து மணிக்கட்டு வரையிலான நீளத்தில் ஏறத்தாழப் பாதியில் இருக்கிறது. பட்டையோ நீளத்தின் முழுக் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. கையை நேராக முன்னால் நீட்டினால் தோள் தாங்கவேண்டிய திருப்புவிசை முப்பது சதவீதம் கூடுகிறது. கையை நீட்டி நிறுத்துவதோடு வேலை முடிவதில்லை. முன்னும் பின்னும் வீசவேண்டும். ஒவ்வொரு முனையிலும் நிறுத்தித் திருப்பவேண்டும். வீச்சில் தூரம் ஒருமுறைக்கு இருமுறை பெருக்கப்படுகிறது. அந்தக் கணக்கில் கையின் நிலைமத் திருப்புத்திறன் நாற்பது சதவீதத்துக்குப் பக்கத்தில் கூடிவிடுகிறது. எடை ஆறில் ஒரு பங்கு, தாங்குவதற்கு முப்பது, வீசுவதற்கு நாற்பது. பொருள் ஒன்றே. இடம்தான் அதைப் பெரிதாக்குகிறது.

கணக்கு முடிந்தபோது என் தாத்தாவின் கர்லாக்கட்டை நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர் வீட்டுத் திண்ணை மூலையில் நிற்கும். பிடி மெலிந்து, தலை பருத்து, கனமெல்லாம் பிடியிலிருந்து தூரத்தில் இருக்கும்படி கடைந்த கட்டை. சுமந்துபோகச் சொன்னால் சிறுபிள்ளைகூட அணைத்துத் தூக்கிப்போகும். பிடியைப் பற்றித் தோளைச் சுற்றி ஒரு சுற்று சுற்றச் சொன்னால் பெரியவர்களுக்கே முகம் சிவக்கும். இந்தியாவில் அதைப் பார்த்த ஆங்கிலேயப் படையினர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோக, அங்கிருந்து அமெரிக்கா வரை அது பரவியது. தாத்தா அதைச் சுற்றும்போது பேசமாட்டார், யாரையும் பேசவும் விடமாட்டார். கனத்தை வீசும்போது கவனம் அந்தத் தோளில் இருக்கவேண்டும் என்பார். பேஸ்மென்ட்டில் எனக்கு அந்தச் சொல் மிகவும் உதவியது.

இரண்டாவது கணக்கு எனக்கே ஏமாற்றமாக இருந்தது, ஆனாலும் சொல்லவேண்டும். எடையைக் கட்டினால் நிறையக் கலோரி எரியும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரு பவுண்டை அரைமீட்டர் தூக்க ஆகும் வேலை இரண்டு ஜூலுக்குக் கொஞ்சம் அதிகம். இரு கைகளும் சேர்ந்து நிமிடத்துக்கு அறுபது முறை தூக்குவதாக வைத்துக்கொள்ளலாம். தசை தான் செலவிடும் ஆற்றலில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் அரைமணி நேரத்துக்கு நான்கு கலோரி. வீச்சைத் தொடங்கி நிறுத்தும் செலவும், தோளை நிலையாகப் பிடித்துவைக்கும் தசைகளின் செலவும் சேரும்போது இது சில மடங்காகும். மணிக்கட்டில் ஒன்றிலிருந்து மூன்று பவுண்ட் வரை கட்டி நடப்பவர்களுக்கு ஆக்சிஜன் செலவு ஐந்திலிருந்து பதினைந்து சதவீதமும், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு ஐந்திலிருந்து பத்தும் கூடுவதாகச் சொல்கிறார்கள். என் நாடியிலும் அந்த அளவுதான் தெரிந்தது. உடம்பு இளைக்க வேண்டும் என்பதற்காக மட்டும் யாரும் இதைக் கட்டவேண்டாம். ஃப்ளைவீல் பட்டையை அரைச்சுற்று இறுக்கினால் கால்கள் அதைவிட நிறையச் செலவழித்துவிடும்.

பிறகு நான் ஏன் விடவில்லை என்றால், கைகளுக்குள் நடந்த மாற்றம் வேறு எதிலும் கிடைக்கவில்லை. முன்பு கயிறு கூட்டிக்கொண்டு போன கை இப்போது தானே போனது. தோளின் முன்புறமும், தோள்பட்டை எலும்பை விலாவோடு பிடித்துவைக்கும் தசைகளும் முதல்முறையாக எனக்குத் தெரியவந்தன. அவை இருப்பதையே அதுவரை நான் உணர்ந்ததில்லை. மேல் அலமாரியிலிருந்து குக்கரை இறக்குவதும், குளிர்காலக் கனத்த கோட்டுக்குள் கையை நுழைப்பதும், காரின் கண்ணாடிமேல் உறைந்த பனியைச் சுரண்டுவதும் எளிதாகிவிட்டன.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் பிடித்தது. கை முன்னால் போகும் அந்தச் சும்மா நேரம் வீணான நேரம் இல்லை. அதுதான் அந்தக் கையின் ஓய்வு. இழுத்துக் களைத்த தசைக்குள் இரத்தம் திரும்பப் பாயும் அரை நொடி. மணிக்கட்டில் எடை ஏறியதும் அந்த அரை நொடி முன்தோளின் வேலை நேரமாகிவிடுகிறது. தோள் மூட்டுக்கு இரு திசையிலும் பணி. தோள் நம் உடம்பிலேயே மிகத் தாராளமாகத் திரும்பும் மூட்டு. அந்தத் தாராளத்துக்கு விலையாக அதன் குழி ஆழமில்லாதது. மேல்கை எலும்பின் உருண்டைத் தலையை அதில் பிடித்துவைப்பவை சுற்றியுள்ள நான்கு சிறு தசைகள். பெரிய தசைகள் களைக்கும் முன்பே இவை களைத்துப்போகும். களைத்த பிறகு வீசினால் உரசல் வரும், வலி வரும்.

ஆகவே நான் நேரத்தைப் பாட்டுகளால் பிரித்துக்கொண்டேன். பேஸ்மென்ட்டில் ஒரு கேசட் பிளேயர் இருந்தது. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ ஊரிலிருந்து கொண்டுவந்த கேசட்களில் ஒன்று. அதில் பாட்டுக்கு வாய்ச்சொல் கிடையாது. வயலின்களின் ஓட்டத்துக்குள் கைகால்கள் தாமாக விழும். ஒரு உருப்படி முழுவதும் எடையோடு. அடுத்த இரண்டு வெறுங்கையோடு. வெல்க்ரோவைக் கழற்றும் சத்தம் பேஸ்மென்ட் முழுக்கக் கேட்கும். எடையைக் கழற்றிவிட்டு வீசும் முதல் நிமிடத்தில் கைகள் தம் விருப்பத்துக்கு மேலே எழும்பும். அந்த நிமிடத்துக்காகவே கட்டலாம் என்று எனக்குத் தோன்றியதுண்டு. முழங்கையை ஒருபோதும் முழுக்க நீட்டாமல் சற்றே மடித்து வைத்துக்கொண்டேன். கை பின்னால் போகும் கடைசிக் கணத்தில் மணிக்கட்டிலுள்ள கனம் முழங்கையைச் சொடுக்கிவிடப் பார்க்கும். வேகத்தைக் கூட்டவேண்டிய நாளில் கட்டமாட்டேன். கைகள் நெஞ்சு உயரத்துக்கு வராமல் தாழ ஆரம்பித்தால் பாட்டு முடிகிறதா என்று பார்க்காமல் கழற்றிவிடுவேன். கணுக்காலிலும் கட்டலாமா என்று ஒரு சிநேகிதி கேட்டாள். வேண்டாம் என்றேன். சறுக்கும் பலகைமேல் காலின் நடையையே அது மாற்றிவிடும். முழங்காலும் இடுப்பும் அதைத் தாங்கவேண்டிவரும்.

மகளின் கதை வேறு. அவளுக்குப் பதினாறு வயது. தோள்களில் வேகம் இருந்தது. பட்டையைக் கட்டிக்கொண்டு என்னைவிட நெடுநேரம் தாங்கினாள். டிசம்பரில் நல்ல பனி விழுந்ததும் கார்வர் பார்க் பகுதியில் வெட்டியிருந்த தடத்தில் அவளும் நானும் போனோம். நான் மெதுவாகத் தடத்தின் ஓரத்தில். அவள் என்னைக் கடந்து போய்த் திரும்பி வந்து மறுபடி கடந்து போனாள். மூன்றாவது முறை என்னருகே நின்று சொன்னாள்: “அம்மா, கம்பு காத்து மாதிரி இருக்கு. ஆனா கை லேட்டா வருது.” அவள் சொன்னதன் பொருளை அந்த வாரம் பயிற்சியாளர் விளக்கினார். பனியில் ஊன்றும் கம்பின் எடை சில நூறு கிராம்தான். அதைச் சட்டென்று முன்னால் கொண்டுவந்து, கால் உதைக்கும் கணத்துக்குச் சரியாக ஊன்றவேண்டும். கனத்தோடு பழகிய கை மெதுவான வீச்சைக் கற்றுக்கொண்டிருக்கிறது. பலம் வந்தாலும் நேரம் தவறுகிறது. போட்டிப் பருவம் முடியும்வரை வேண்டாம் என்றார். பலம் வேண்டுமானால் கோடையில் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம், பருவத்தில் வேகம்தான் முக்கியம் என்பது அவர் கட்சி. அதில் எனக்கு மறுப்பில்லை. அதே பட்டை எனக்கு நன்மை செய்தது, அவளுக்கு அந்த மாதங்களில் இடைஞ்சல் செய்தது. நான் யாருடனும் போட்டிக்குப் போகவில்லை. என் கை எந்தக் கணத்துக்கும் சரியாக வந்து சேரவேண்டியதில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் நார்வேயைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். 1206இல் அந்த நாட்டில் உள்நாட்டுப் போர். அரச வாரிசான குழந்தை ஹாக்கோனை எதிரிகள் கையில் சிக்காமல் காப்பாற்ற, பிர்க்கெபெய்னர் என்ற படைப்பிரிவைச் சேர்ந்த சறுக்கு வீரர்கள் இருவர் குளிர்காலத்தில் மலையைக் கடந்து தூக்கிச் சென்றார்கள். அந்தக் குழந்தை பிற்பாடு நார்வேயின் மன்னராகி நீண்டகாலம் ஆண்டது. அந்தப் பயணத்தின் நினைவாக 1932இலிருந்து ரேனாவுக்கும் லில்லெஹாம்மருக்கும் இடையே 54 கிலோமீட்டர் ஓட்டம் நடக்கிறது. ஓடுபவர் ஒவ்வொருவரும் முதுகில் மூன்றரைக் கிலோவுக்குக் குறையாத பையைச் சுமக்கவேண்டும். அது அந்தக் குழந்தையின் எடைக்குப் பதில். சறுக்கலோடு துப்பாக்கி சுடும் பயத்லான் போட்டியிலும் முதுகில் தொங்கும் துப்பாக்கி மூன்றரைக் கிலோவுக்குக் குறையக்கூடாது.

“மூன்றரைக் கிலோவைத் தூக்கிக்கொண்டு மலை ஏறிவிடுகிறார்கள், அரைக்கிலோ உங்கள் மகளின் தாளத்தைக் கலைக்கிறது” என்றார். அவர் வியப்பாகச் சொன்னதற்கு என் காகிதத்தில் ஏற்கெனவே விடை இருந்தது. முதுகில் இறுகக் கட்டிய பை உடம்பின் எடைமையத்தை ஒட்டியே இருக்கிறது. அது உடம்போடு போகிறது, உடம்பு அதை வீசுவதில்லை. ஒவ்வோர் அடியிலும் நிறுத்தித் திருப்பவேண்டிய அவசியமில்லை. மணிக்கட்டுப் பட்டையை அப்படித் திருப்பியே ஆகவேண்டும், ஒவ்வோர் அடிக்கும் இரு கைகளிலும். காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். ஒரு இடத்தில் என் கை நீளத்தைக் கேட்டு, தன் கை நீளத்தைத் துணிக்கடை நாடாவால் அளந்து, தனக்கும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். அவர் கை நீளமானது. அதே ஒரு பவுண்ட் அவருடைய தோளில் என்னுடையதைவிடப் பெரிய திருப்புவிசையைக் கொடுத்தது. தனக்கு ஏன் இரண்டு பவுண்ட் ஒத்துவரவில்லை என்று அன்றுதான் புரிந்தது என்றார்.

அந்தக் காகிதத்தை அவர் தன்னிடமே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கொடுத்துவிட்டேன். புது ஊரில் என் படிப்பை ஒருவர் தேவையென்று கேட்டு வாங்கியது அதுவே முதல்முறை. அதற்கடுத்த ஆண்டு நான் அங்கே ஒரு சமுதாயக் கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். திருப்புவிசை பற்றிய பாடம் வரும்போதெல்லாம் மணிக்கட்டுப் பட்டையை எடுத்துக்கொண்டு போவேன். மாணவர்களை முதலில் கையில் வைத்துப் பார்க்கச் சொல்வேன், பிறகு முழங்கையில் கட்டி வீசச் சொல்வேன், பிறகு மணிக்கட்டில். மூன்றாவதில் வகுப்பே சத்தம் போடும். பாடப்புத்தகத்தில் படிக்கும் தூரத்தின் இருமடிப் பெருக்கம் தோளில் வந்து உட்கார்ந்துவிட்டால் பிறகு யாருக்கும் அது மறப்பதில்லை.

நார்டிக்ட்ராக்கை வைத்திருந்த தாய் நிறுவனம் 1998 இறுதியில் திவாலானது. பெயரை வேறொரு நிறுவனம் வாங்கியது. இன்று அந்தப் பெயரில் நடைப்பட்டை மெஷின்களும் சைக்கிள்களும் திரையோடு வருகின்றன. மரப் பலகை மெஷின்கள் இப்போதும் அங்கங்கே வீடுகளில் இருக்கின்றன. தேய்வது பெரும்பாலும் ரோலரும் ஒருவழிக் கிளட்சும்தான்; அவற்றை மாற்றிக்கொள்ளத் தெரிந்தால் மற்ற பாகங்கள் ஆயுளுக்கும் வரும். எங்களுடையதற்கு என் கணவர் இருமுறை கிளட்ச் மாற்றியிருக்கிறார். கயிற்றை நான் மாற்றினேன்.

மகள் இப்போது டூலூத் பக்கம் இருக்கிறாள். அவளுக்கே நாற்பதைத் தாண்டிவிட்டது. போன குளிர்காலத்தில் மெஷினைக் கேட்டாள். அவளுடைய பையன் பள்ளி அணியில் சேர்ந்திருக்கிறான். பலகைகளைத் தனியாகக் கழற்றி, பழைய போர்வையில் சுற்றி, காரில் ஏற்றினோம். பட்டைகளைக் கையில் எடுத்துப் பார்த்தவள், “இதுவும் எனக்குத்தானே?” என்றாள். பையனுக்கு வேண்டாம், கோடை வந்த பிறகு பார்க்கலாம் என்றேன். “அவனுக்கு இல்லம்மா, எனக்கு” என்றாள். ஒரு பட்டையில் தையல் விட்டுப்போய் இரும்புத் துகள் கசிந்துகொண்டிருந்தது. அவளை உட்காரவைத்து, கோணி ஊசியால் அதை இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். முதல் மாதம் ஒரு பாட்டுக்குமேல் கட்டக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினேன்.